மூச்சைக் கவனித்துப் பழகியவர்களும் வஜ்ரயானமும்

மூச்சைக் கவனித்து அமரும் தியானத்தில் சில ஆண்டுகள் பழகியவர்கள் பலர், அடுத்த படியாக வஜ்ரயானம் எனப்படும் தந்திர பௌத்தத்தின் பக்கம் திரும்புவதைப் பார்க்கிறேன். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதை இன்னும் வீரியமான ஒரு தியான உத்தி என்றே எண்ணி வருகிறார்கள். யூடியூபில் கிடைக்கும் ஒரு மந்திரத்தையோ, உடலில் சூட்டை எழுப்பும் தும்மோ பயிற்சியையோ மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, தீட்சை, முன்பயிற்சி, உறுதிமொழி ஆகியவற்றைத் திபெத்தியச் சடங்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கப்படுவதில்தான் தந்திரத்தின் உயிரே இருக்கிறது என்பது என் கருத்து.

தந்திர பௌத்தம் மகாயானத்துக்கு வெளியே நிற்கும் தனிச் சமயம் அன்று. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் தெளிவான உருப்பெற்ற அதனை, நாலந்தா, விக்கிரமசீலா போன்ற பெருவிகாரங்களில் தர்க்கமும் தத்துவமும் கற்ற துறவிகளும், விகாரங்களுக்கு வெளியே அலைந்த சித்தர்களும் சேர்ந்தே வளர்த்தார்கள். எல்லா உயிர்களின் பொருட்டும் புத்தநிலை அடைவது என்ற மகாயான இலக்கே அதன் இலக்கும். வழிதான் வேறு. தந்திரம் சாராத மகாயானமான சூத்திர நெறியில் நடப்பவர் புத்தநிலைக்கான காரணங்களைப் பல பிறவிகளில் சேர்க்கிறார். தந்திர நெறியில் நடப்பவரோ விளைவையே பாதையாக்கி, தாம் அடையவிருக்கும் புத்த வடிவமாக இப்போதே தம்மைப் பாவிக்கிறார். தந்திரத்தைச் சூத்திர நெறியிலிருந்து பிரித்துக்காட்டுவது இந்தத் தேவதா யோகமே என்று திபெத்திய அறிஞர் சோங்கப்பா (1357–1419) வாதிட்டார்.

கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரைப் பாவிக்கும் சாதனாவை, அதாவது முறைப்படியான தியான வழிபாட்டை, எடுத்துக்கொள்வோம். முதலில் புத்தர், தர்மம், சங்கம் ஆகியவற்றில் புகலிடம் கொள்வதும், எல்லா உயிர்களுக்காகவும் இதைச் செய்கிறேன் என்ற போதிசித்த உறுதியும். பின்னர், நான் என்று வழக்கமாகப் பற்றிக்கொண்டிருக்கும் அனைத்தும் சூனியத்தில், அதாவது எதற்கும் தனக்கென நிலையான இயல்பு இல்லை என்ற தன்மையில், கரைகிறது. அந்தச் சூனியத்திலிருந்து தாமரையும், அதன் மேல் நிலவுத் தட்டும், அதன் மேல் ‘ஹ்ரீ’ என்ற பீஜ அட்சரமும் (வித்தெழுத்தும்) எழ, அதுவே வெண்ணிற மேனியும் நான்கு கரங்களும் கொண்ட அவலோகிதேஸ்வரராக மலர்கிறது. ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற ஆறெழுத்து மந்திரம் ஓத ஓத, இதயத்திலிருந்து ஒளி பரவி உயிர்களின் துயர் தீர்ப்பதாகப் பாவனை செய்கிறார் சாதகர். முடிவில் அந்த வடிவமும் ஒளியில் கரைய, எதையும் கற்பிக்காமல் மனம் அப்படியே தங்குகிறது. மந்திரத்தின் எண்ணிக்கையைவிட இந்தக் கரைதலும் எழுதலும் மீண்டும் கரைதலுமே முக்கியம்.

இந்தத் தெய்வம் உண்மையா, கற்பனையா என்று கேட்கிறார்கள். நாம் தினமும் உண்மை என்று நம்பி நடமாடும் இந்த ‘நான்’ எந்த அளவுக்குக் கட்டப்பட்டதோ, அந்த அளவுக்கு அதுவும் கட்டப்பட்டது என்பதே மரபு தரும் விடை. ஆகவேதான் சூனியம் பற்றிய புரிதல் முன்நிபந்தனையாகிறது. அது இல்லாமல் தேவதா யோகம் செய்பவரிடத்தில் பழைய அகந்தை ஒரு புதிய மகுடத்தைச் சூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

திபெத்திய மரபில் ஙோன்ட்ரோ எனப்படும் முன்பயிற்சிகள் உண்டு: முழு உடலும் தரையில் படும் வணக்கம், தூய்மைப்படுத்தும் புத்த வடிவமான வஜ்ரசத்துவரின் நூறெழுத்து மந்திரம், உலகனைத்தையும் மனத்தால் காணிக்கையாக்கும் மண்டலப் படையல், குருவின் மனத்தோடு ஒன்றும் குரு யோகம். ஒவ்வொன்றையும் 1,00,000 முறை செய்வது வழக்கம். இயந்திரத்தனமாக இருக்கிறது என்று முகம் சுளிக்கும் தியானிகளை அறிவேன். தமது அமைதியைக் குறித்தே பெருமிதம் கொள்ளத் தொடங்கிவிட்ட ஒருவருக்கு, ஆயிரக்கணக்கான முறை நெற்றியைத் தரையில் வைப்பதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

தீட்சையையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனா சென்ற வஜ்ரபோதி, அவர் சீடர் அமோகவஜ்ரர், அவரிடம் கற்ற ஹுய்குவோ, 804இல் ஜப்பானிலிருந்து சீனா வந்து அவரிடம் கற்ற கூகாய் என்று ஜப்பானின் தந்திர பௌத்தமான ஷிங்கோன் மரபு ஆளிலிருந்து ஆளுக்கே நடந்திருக்கிறது. ஏட்டை மட்டும் அனுப்பினால் போதும் என்று அவர்கள் எவரும் கருதவில்லை.

குருவிடம் இவ்வளவு நம்பிக்கை வைக்கச் சொல்லும் மரபில் அந்த நம்பிக்கையைச் சுரண்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1993இல் தர்மசாலாவில் மேற்கத்திய ஆசிரியர்களைச் சந்தித்த தலாய் லாமா, ஆசிரியர்களின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படையாகப் பேசவே சொன்னார். குருபக்தியைப் போதிக்கும் ‘குருபஞ்சாசிகா’வே, நியாயமான காரணத்தால் குருவின் சொல்லை நிறைவேற்ற இயலாதபோது அதைப் பணிவாக விளக்கி விலகிக்கொள்ள இடம் தருகிறது. கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தும்மோவைப் பற்றிச் சுருக்கமாக. 1982இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி செய்த துறவிகளின் கைகால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது பதிவாகியிருக்கிறது. அது உண்மைதான், ஆனால் இந்தியச் சித்தர் நாரோபாவின் ஆறு யோகங்களில் ஒன்றான தும்மோவில் வெப்பம் பக்கவிளைவு மட்டுமே, நுண்ணிய மனத்தால் சூனியத்தை உணர்வதே நோக்கம். இணைந்த தெய்வ வடிவங்களைக் கண்டு பாலுறவுக் கலை என்று நினைப்போரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். அங்கே பெண் வடிவம் ஞானம், ஆண் வடிவம் கருணை நிறைந்த உபாயம். சாக்தத்தில் பெண்ணே ஆற்றலாக இருப்பதிலிருந்து இது வேறுபடுகிறது.

எனில், இப்போது மூச்சுத் தியானம் செய்பவர் எங்கிருந்து தொடங்குவது? அந்தத் தியானத்தைக் கைவிட வேண்டாம். ஒருமுகப்படாத மனத்தில் எந்தத் தேவதையும் நிலைக்காது. அதனோடு மகாயானத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனரின் சூனியவாதத்தைப் பொறுமையாகக் கற்கலாம். தீட்சை பெறாதவர்களும், தம்மையே தெய்வமாகப் பாவிக்காமல், அவலோகிதேஸ்வரரைத் தலைக்கு மேலோ எதிரிலோ இருத்தி மந்திரம் ஓதப் பல ஆசிரியர்கள் அனுமதிக்கிறார்கள். தீட்சைக்குப் பெயர் கொடுக்கும் முன், அதனோடு வரும் உறுதிமொழிகள் யாவை என்றும், நாள்தோறும் ஓத வேண்டிய சாதனா உண்டா என்றும் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். சில தீட்சைகளில் அந்தக் கடமை வாழ்நாள் முழுவதற்கும் உரியது.