ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

லினக்ஸ் கணினியில் ஒரே கோப்புறைக்குள் 'கோயில்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். நம் கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். 'கோ' என்ற எழுத்தை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம் என்பதே காரணம்: ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைக்கலாம். இரண்டும் சமம் என்றே யூனிகோடு சொல்கிறது. ஆனால் கோப்புப் பெயர்களில் அந்தச் சமத்துவத்தை மதித்தே ஆகவேண்டும் என்று எல்லா இயங்குதளங்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி எதுவும் இல்லை.

1998-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் முறை), பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஆகியவை கொடுத்தபடியே வைத்துக்கொள்கின்றன. ஆகவே பழைய மேக்கிலிருந்து பிரிந்த வடிவில் வந்து சேரும் ஒரு கோப்பை, வேறொரு கணினியில் அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காமல் போகலாம். 'கோப்புக்கு ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துவிடுங்களேன்' என்று நண்பர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தரமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. யூனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்காக 1988-இல் உருவான போசிக்ஸ் தரத்தில், எங்கும் செல்லுபடியாகும் கோப்புப் பெயர் எழுத்துகள் மொத்தம் 65: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள், பத்து இலக்கங்கள், புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு. தமிழுக்கு அதில் இடமில்லை.

பொதுத் தரங்கள் புதுமையை முடக்கிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. திரையின் தோற்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டியிடட்டும். இயங்குதளங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் உடன்பாடு தேவை. கணினிகளுக்கிடையே கைமாறும் பென் டிரைவ் போன்றவற்றில் பயன்படும் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையை மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்டது. அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வைத்தது 2019-இல்தான். அதே ஆண்டிலேயே லினக்ஸ் கருவகம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸின் சந்தை அதனால் சரிந்துவிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அதை மூடிவைத்ததில் பயனர்களுக்கு என்ன லாபம்?

கோப்பின் பெயர் வெறும் பைட்டுகளின் வரிசை, அதற்குப் பொருள் காண்பது கருவகத்தின் வேலையல்ல என்று லினக்ஸ் தரப்பில் சொல்வதுண்டு. எளிமையை விரும்பும் அந்த வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்பது பெயரை மாற்றி எழுதுவதையல்ல. கொடுத்தபடியே சேமித்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கருதினால் போதும். ஆப்பிளே 2017-இல் புதிய ஏபிஎஃப்எஸ் முறைமையுடன் மேக்கில் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. போசிக்ஸும் இதை விதியாக்கினால், ஒரே கோப்புறையில் ஏற்கெனவே இரட்டையாக உள்ளவற்றைத் தவிர வேறு பழைய கோப்புகளைத் தொடாமலேயே, அந்தத் தரத்தைப் பின்பற்றும் கணினிகளில் எல்லாம் 'கோயில்' ஒரே பெயராகிவிடும்.