‘தி மெமரி போலீஸ்’ 2019இன் நாவல் அல்ல

ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவாவின் ‘தி மெமரி போலீஸ்’, பொருள்களும் அவற்றின் நினைவும் ஒவ்வொன்றாக மறைந்துபோகும் ஒரு தீவின் கதை. இது சமூக ஊடகக் கண்காணிப்பை மனதில் வைத்து 2019இல் எழுதப்பட்டது, அவருடைய முதல் நாவலும் அதுதான் என்று நண்பர் ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. 2019 என்பது ஸ்டீபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டு. பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

ஜப்பானிய மூலம் 1994இல் வந்தது. அப்போது சமூக ஊடகம் ஏது? நாஜிகளுக்குப் பயந்து மறைவிடத்தில் வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு தன்னை எவ்வளவு பாதித்தது என்பதை ஒகாவாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாவலில், நினைவுகளை இழக்காததால் காவலர்களால் தேடப்படும் பதிப்பாசிரியர் ‘ஆர்’, நாயகியின் வீட்டுத் தரைக்கு அடியில் ஒரு மறைவறையில் பதுங்கிக் கிடக்கிறார். சோறும் தண்ணீரும் மேலிருந்து இறங்க வேண்டும். இது எந்தச் செயலியைப் பற்றிய கதை? ரோஜா மறையும் நாளில் ஆறு முழுக்க இதழ்கள் மிதந்து வரும் பகுதி ஒன்றுக்காகவே இதைப் படிக்கலாம், அது வேறு விஷயம்.

முதல் நாவல் என்பதும் பொருந்தாது. அவர் அறிமுகமானது 1988இல். ‘கர்ப்ப நாட்குறிப்பு’ கதைக்காக 1990ஆம் ஆண்டின் பிற்பாதிக்கான, ஜப்பானின் முக்கிய இலக்கிய விருதான அகுதாகவா விருதையும் பெற்றுவிட்டார். கணிதப் பேராசிரியரையும் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் பற்றிய, ஜப்பானில் பெரும் புகழ்பெற்ற நாவல் 2003இல் வந்தது. ‘தி மெமரி போலீஸ்’ 2020இல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றபோது மூலநூலுக்கு வயது 26.