அரை மணிக்கொரு முறை அழியும் வரி

பயனர் தன் தேவைக்காக அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றுகிறார். சர்வரின் கோப்புகளை நாங்கள் எழுதிவைத்தபடியே வைத்திருக்கும் தானியங்கிக் கருவியான பப்பெட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். வந்து, அந்த வரியை அழித்துவிட்டுப் போகிறது. திட்டு வாங்குவது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள்.

‘ஏற்கெனவே இருந்தால் தொடாதே’ என்று எழுதிவைத்தால் வேறு தொல்லை. முதல் நாள் வைத்த கோப்பு அப்படியே கிடக்கும்; பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அதற்குள் போகாது.

ஒரு வரியை மட்டும் மாற்றலாம் என்று ஆன்சிபிள் என்ற இன்னொரு கருவியில் வரி மாற்றும் ‘லைன்இன்ஃபைல்’ பக்கம் போனால், அது இன்னும் மோசம். தேடும் வரி கிடைக்காவிட்டால் புதிய வரியைக் கோப்பின் கடைசியில் ஒட்டிவிடும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் கோப்பு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விதி சொல்லும் ஒரு ‘மேட்ச்’ பகுதியோடு முடிந்திருந்தால், எல்லோருக்கும் பொருந்தவேண்டிய விதி அந்தப் பகுதிக்குரிய சிலருக்கு மட்டும் என்றாகிவிடும். கருவியோ வேலை முடிந்தது என்று பச்சைக்கொடி காட்டும். இது எவ்வளவு ஆபத்து!

எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச் 2020இல், 8.2 பதிப்பில், சர்வரின் அமைப்புக் கோப்பிலும் தனித்தனிக் கோப்புகளைச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. கருவிக்கு ஒரு கோப்பு, பயனருக்கு ஒரு கோப்பு, சண்டையே இல்லை. எல்லாவற்றையும் இன்னும் ஒரே கோப்பில் திணித்து, தன் இணையப் பக்கத்திலிருந்தும் அதையே திருத்தும் மென்பொருள்களை எழுதுகிறவர்கள் இதையாவது செய்துகொடுக்கக் கூடாதா?