என் சாவுக்கு ரேடியோ செட் வேண்டாம்

நேற்று இரவு சாப்பிடும்போது, நான் செத்தால் என்னென்ன இசை ஒலிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். "விளக்கு வைத்த நேரத்தில் பேசுகிற பேச்சா இது?" என்ற குரல் மட்டும் சமையலறையிலிருந்து வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள்தான், "அதில் எத்தனை சூப்பர் ஹீரோ படம் இருக்கிறது அப்பா?" என்று கேட்டாள். மூன்று என்றேன். "உங்களைத் தூக்க வருகிற பெரியப்பாக்கள் என்ன நினைப்பார்கள்?" என்றாள். அந்தப் பெரியப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 52. சர்க்கரையைத் தவிர வேறு வியாதி இல்லை. யாரும் போன் செய்து விசாரிக்க வேண்டாம்.

இந்தப் பட்டியல் ஆசை தொடங்கியது 2019 பிப்ரவரியில், என் அப்பா இறந்த அன்று. அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் முன் அறை, மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் வாசற்படியில்தான். பந்தல் போட வந்தவரே ரேடியோ செட்டும் கொண்டுவந்தார். தெருவின் இரண்டு முனையிலும் ஆளுயரப் பெட்டி ஒன்று. பென் டிரைவைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலில் சிவபுராணம். அது முடிந்ததும் அதே நான்கு பாட்டு. நம் ஊரில் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் காதில் விழுகிற அதே நான்கு. 'பாத காணிக்கை' படத்துக்காகக் கண்ணதாசன் 1962இல் எழுதிய 'வீடு வரை உறவு' அதில் கட்டாயம் இருக்கும். பாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீதியோடு நின்றுவிடும் பெண்டிரையும் சுடுகாட்டோடு நின்றுவிடும் பிள்ளைகளையும் பட்டினத்தார் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் அவர், கூட வருவது புண்ணியமும் பாவமும்தான் என்று கணக்கை முடித்து வைத்தார். கண்ணதாசன் அந்த இடத்தில் 'யாரோ' என்று ஒரு சொல்லைப் போட்டுக் கதவைத் திறந்து விட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

என் வருத்தம் வேறு. அந்தப் பாட்டு வட்டிக்கு விடுகிறவர் செத்தாலும் ஒலிக்கிறது, வாத்தியார் செத்தாலும் ஒலிக்கிறது. வந்தவர்களுக்கு நிலையாமையை உபதேசிக்கிறதே தவிர, போகிறவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். இரண்டு ஆளுயரப் பெட்டிகளிலிருந்து வந்த பாட்டில் அவர் எங்கேயும் இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து பதினொரு மணிக்கு நடந்தது. துக்கப் பாட்டு ஃபோல்டர் முடிந்து, பென் டிரைவ் தானாக அடுத்த ஃபோல்டருக்குத் தாவியது. அடுத்த ஃபோல்டர் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் சுமந்து வருகிற பாட்டு, முழுச் சத்தத்தில். செட்காரர் டீக்கடையிலிருந்து ஓடி வருவதற்குள் இரண்டு சரணம் ஓடிவிட்டது. வாயில் துண்டை வைத்து அழுதுகொண்டிருந்தவர்கள் அதே துண்டை வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். எங்கள் அத்தை மட்டும் அடக்கவில்லை. "விடுடா, என் அண்ணனுக்குச் சீர் வருகிறது, வரட்டும்" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் நொந்துகொள்கிறார். அவருக்கு இரண்டு வீடு தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு பென் டிரைவ் போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் கடைசியில், மகளை 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்ற சூப்பர் ஹீரோ படத்துக்கு அழைத்துப் போனேன். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. எனக்கு மொட்டைத் தலையில் முடி அரை விரல்கடை வளர்ந்திருந்தது. துக்க வருடத்தில் சினிமா என்ன வேண்டியிருக்கிறது என்று ஒரு பெரியப்பா கேட்டார். அவருக்கு மகளைச் சமாளிக்கிற வேலை இல்லை.

தமிழில்தான் பார்த்தோம். இரும்புக் கவசம் போட்ட நாயகன் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். அதை ஊரே திட்டியது. எனக்கென்னவோ இரண்டாவது பாதியில் பழகிவிட்டது. கடைசியில் அந்த மனிதன் செத்துப் போகிறான். ஏரிக்கரையில் இறுதிச் சடங்கு. கேமரா ஒவ்வொரு முகமாகக் கடந்து பின்னால் போகிறது, யாரும் வாய் திறப்பதில்லை. ஆலன் சில்வெஸ்ட்ரியின் இசை மட்டும். 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்துக்குப் பித்தளைக் கருவிகளை முழங்கவிட்டு அந்த வெற்றி இசையைப் போட்டவர் அவர்தான். அதே ஆள் இங்கே எல்லாவற்றையும் தணித்து, துக்க வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறவர் போல நுழைகிறார். அழு என்று என்னைப் பிடித்து உலுக்கவில்லை. அதனால்தான் அழுதேன் என்று நினைக்கிறேன். பக்கத்து இருக்கைப் பையன் என்னைப் பார்த்துவிட்டுப் பாப்கார்னை நீட்டினான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. விளக்கைப் போட்டுவிட்டார்கள், துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்துவிட்டார். இந்த வகைப் படங்களில் பெயர்களுக்குப் பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும், அதற்காக மகள் நகர மறுத்தாள். காட்சி எதுவும் வரவில்லை. திரையில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் நின்றது. சுத்தியல் சத்தம் கேட்டது. டங். டங். டங். 2008இல் வந்த முதல் அயர்ன் மேன் படத்தில், குகைக்குள் சிறைபட்ட அவன் தன் முதல் கவசத்தை அடித்து உருவாக்கும் அதே சத்தம். பதினொரு ஆண்டு கழித்து அவனை வழியனுப்ப அதை எடுத்து வைத்திருந்தார்கள்.

நான் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பட்டறைச் சத்தம்" என்றாள்.

உண்மையில் அது அப்பாவின் சத்தம் இல்லை. இரும்பு அடிபடும்போது கத்தும். வெள்ளி அப்படிக் கத்தாது, உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும். அப்பா அடிக்கிற தாளமும் வேறு: இரண்டு அடி வெள்ளியில், மூன்றாவது அடி வெறும் பட்டறைக் கல்லில். அந்த மூன்றாவது அடியில் சுத்தியல் தானாகத் துள்ளும், அந்தத் துள்ளலில் கைக்கு ஒரு நொடி ஓய்வு, அதற்குள் இடது கை கம்பியைத் திருப்பிவிடும். டொக், டொக், டிங். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை. நான் பள்ளிப் பாடம் படித்ததும் அதில்தான், காய்ச்சலில் படுத்ததும் அதில்தான். சாவு வீட்டில் தெரு முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என்ன குறைந்தது என்று திரையரங்கில்தான் புரிந்தது. அன்றைக்குக் காலையில் எட்டு மணிக்குப் பட்டறையில் சத்தம் இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சூப்பர் ஹீரோ படங்களுக்கு இசையமைப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்று நம் துக்க வீடுகளுக்கு மறந்துவிட்டது: ஆளுக்கு ஒரு சத்தம் உண்டு. அவன் வருவதற்கு முன் அது வரும், அவன் போன பிறகும் இருக்கும். 1978இல் வந்த சூப்பர்மேன் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையைக் கேளுங்கள், மூன்று சுரம் அவன் பெயரையே கூப்பிடுவது போல இருக்கும். 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தில் வில்லன் ஜோக்கருக்கு ஹான்ஸ் சிம்மர் கொடுத்தது கிட்டத்தட்ட ஒரே சுரம். செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் தந்தியில் வில்லை இழுத்துக்கொண்டே போகிறார்கள், பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தது போலக் கூசும். அந்த ஆள் யாரென்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். 2022இல் மைக்கேல் ஜியாக்கினோ பேட்மேனுக்குப் போட்டதைக் கேட்டால், சாவு ஊர்வலத்தில் நடக்கிற நடை. இசையமைப்பாளர் ஷோபனின் சாவு ஊர்வல இசை நினைவுக்கு வந்தது. 1849இல் பாரிஸில் ஷோபனின் இறுதிச் சடங்கில் அவர் பத்தாண்டுக்கு முன்பே எழுதிய அந்த இசையைத்தான் வாசித்தார்கள். தன் சாவுக்குத் தானே எழுதி வைத்தது போல ஆகிவிட்டது. எனக்குக் கிடைத்திருப்பது பட்டியல் எழுதுகிற திறமை மட்டும்.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படம் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. ஆடி மாதம் சேலத்தில் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான். கடவுள் வேடம் கட்டி வண்டிமேல் நிற்பது அடுத்த தெரு ஆள் என்று தெரிந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டவன். இறுக்கமான உடை போட்டுப் பறக்கிறவனைப் பார்த்து ஏளனம் செய்ய எனக்கு அருகதை இல்லை.

ஆப்பிரிக்க சூப்பர் ஹீரோ படமான 'பிளாக் பேந்தர்' விஷயம் கொஞ்சம் வில்லங்கமானது. அந்தப் படத்துக்காக இசையமைப்பாளர் லுட்விக் யோரன்சன் செனகல் நாட்டுக்குப் போய், பாபா மால் என்ற பாடகரோடு சுற்றி, அங்கிருந்து பேசும் முரசைக் கொண்டுவந்தார். அக்குளில் இடுக்கி, கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். நம் உடுக்கையின் தூரத்துச் சொந்தம். 2019இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. கதாநாயகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020இல் 43 வயதில் இறந்துவிட, 2022இல் வந்த அடுத்த படமே சாவோடு தொடங்குகிறது. ஊரே வெள்ளை உடுத்தி, முரசு அடித்து, ஆடிக்கொண்டே பெட்டியைக் கொண்டுபோகிறது. அதைப் பார்த்துவிட்டு என் நண்பர் ஒருவர் கண் கலங்கி, என்ன பண்பாடு, என்ன கம்பீரம் என்று எழுதினார். அதே நண்பர்தான் தங்கள் குடியிருப்பில் சாவுக்குப் பறை அடிக்கக் கூடாது, நாகரிகமாக இல்லை என்று தீர்மானம் போட்டவர். முரசு ஆப்பிரிக்காவில் அடித்தால் கம்பீரம், கிச்சிப்பாளையத்தில் அடித்தால் தொல்லை.

அப்பாவுக்கும் பறை வேண்டாமென்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டும். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் ஏறவில்லை என்று மறுபடி காட்டுவார்களே, அந்த நேரத்திலேயே வயிற்றுக்குள் ஏதோ திரளும். ஆனால் ஆசைப்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று அதை ஒரு சாதியின் தலையில் கட்டியது நாம்தான். காசை எட்ட நின்று எறிந்ததும் நாம்தான். இனிச் சாவு வீட்டுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அடிப்போம் என்று முடிவெடுத்த இளைஞர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எனவே விருப்பத்தோடு வருகிற கலைஞர்கள் கிடைத்தால், பேசிய தொகையை முன்னதாகவே கையில் கொடுத்து, சம்பந்தி உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, அதே பந்தியில் சாப்பாடும் போடுவதானால் மட்டும் கூப்பிடுங்கள். அது முடியாத பெரியப்பாக்கள் பறையைத் தொட வேண்டாம், என்னைப் பேசாமல் எடுத்துப் போங்கள்.

பட்டியலைச் சும்மா எழுதிவிடவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் வைத்துச் சோதித்தேன். அடிவாரத்தில் காரில் ஒரு இசையைப் போடுவேன், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்திவிடுவேன். இருபதாவது வளைவு தாண்டி ஏரி தெரியும்போதும் அது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் தேர்ச்சி. சூப்பர்மேன் எளிதாகத் தேறியது. ஆனால் பாடையில் கிடக்கிறவனுக்கு அது கொஞ்சம் அதிகப்படி, எழுந்து பறந்துவிடுவேனோ என்று பயந்துவிடுவார்கள். நீக்கிவிட்டேன். சிம்மரின் ஜோக்கர் பதினோராவது வளைவில் தலைவலியாக மாறியது. முகாரியில் ஒரு நாதஸ்வர ஆலாபனை தேறியது. முகாரி என்றால் ஒப்பாரி என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடியதும் அதே ராகத்தில்தான். ஜியாக்கினோவின் பேட்மேன் நடை தேறியது. யோரன்சனின் முரசு தேறியது, பறைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அது. ஏரிக்கரை இசையைச் சோதிக்கவே இல்லை. அது எனக்கு எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் நேற்று மகளிடம் சொன்னேன். அவள் கணினியைத் திறந்து ஒரு புதுப் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றினாள். ஒரே ஒரு ஃபோல்டர், வேறு எதுவும் கிடையாது, தாவ வழியில்லை. பீரோவில் மேல் தட்டு, இன்சூரன்ஸ் காகிதங்களுக்குக் கீழே இருக்கும்.

கடைசித் தடம் நாற்பது நொடி. 2018 தீபாவளிச் சமயத்தில் மகள் தன் புதுக் கொலுசைக் காட்டிப் பழைய போனில் எடுத்த வீடியோ. படம் முழுக்க அவள் கால்தான். பின்னால் பட்டறை: டொக், டொக், டிங். இருபத்தெட்டாவது நொடியில் சுத்தியல் நிற்கிறது. அப்பாவின் குரல், கொஞ்சம் எரிச்சலாக, "டீ சொல்லி எவ்வளவு நேரமாகிறது?" என்று கேட்கிறது. பிறகு மறுபடி டொக், டொக், டிங்.

பேச்சு வருகிற இடத்தை வெட்டிவிடட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். சமையலறையிலிருந்து, "ஆமாம், அதை வெட்டாதே" என்றாள் மனைவி.