தப்பு யாருடையது?

(தம்பி கையில் கன்ட்ரோலர். டிவியில் இரும்புக் கவசம் போட்ட ஒருவன் அவனை விரட்டி விரட்டி அடிக்கிறான். வாசற்படியில் அக்கா.)

அக்கா: பத்து நிமிஷமாகக் கூப்பிடுகிறேன். கொஞ்சம் நிறுத்திவிட்டு வரக் கூடாதா?

தம்பி: இது டார்க் சோல்ஸ், அக்கா. இதில் நடுவில் நிறுத்தி வைக்கிற வசதியே கிடையாது.

அக்கா: இல்லையா? எந்தப் பாவி செய்தான் இதை?

தம்பி: 2011-இல் வந்தது. அதுதான் இதன் அழகே. நாம் மெனுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் அவன் பாட்டுக்கு வந்து அடிப்பான்... ஐயோ!

(திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.)

அக்கா: என்ன போட்டிருக்கிறான்?

தம்பி: 'நீ செத்துவிட்டாய்' என்று.

அக்கா: அதுதான் பார்த்தாலே தெரிகிறதே, எழுதி வேறு காட்டணுமா? எத்தனையாவது தடவை?

தம்பி: பதினேழு. காசு மாதிரி சேர்த்த சோல்ஸ் எல்லாம் செத்த இடத்தில் கிடக்கும். எடுக்கப் போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் போச்சு. ஆனால் ஒன்று, இது ஏமாற்றாது. பதினேழு தடவையும் தப்பு என்னுடையதுதான்.

அக்கா: நான் ஒரு வார்த்தை சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய். இவன் பதினேழு தடவை கொன்றால் மன்னிப்புக் கேட்கிறாய்!

தம்பி: உன் டெட்ரிஸில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மேலிருந்து விழுகிற ஏழே ஏழு வகைக் கட்டையை அடுக்கணும். கதை கிடையாது. மேலே முட்டினால் ஆட்டம் காலி.

அக்கா: 1984-இல் சோவியத் நாட்டில் அலெக்ஸி பஜித்னோவ் என்கிற புண்ணியவான் செய்தது. இன்னும் சலிக்கவில்லை. ஒரே ஒரு குறை. நெட்டைக் கட்டைக்காக ஓரத்தில் இடம் விட்டு வைத்திருப்பேன். கோணல் கோணலாக எல்லாம் வரும், அது மட்டும் வராது.

தம்பி: அது பழைய கதை. இப்போது வருவதில் ஏழு கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரிதான். ஏழும் தீர்ந்த பிறகுதான் அடுத்த பை. ஒரு நெட்டைக்கும் அடுத்த நெட்டைக்கும் நடுவே 12 கட்டைக்கு மேல் வரவே முடியாது.

அக்கா: அப்படியா? சீ, வருமோ வராதோ என்று பதறுவதில்தானே ருசி! கெடுத்துவிட்டார்களே.

(சற்று முன் சொன்ன குறை இதுவேதான். தம்பி கவனிக்கவில்லை, அவன் பதினெட்டாவது சாவில் இருக்கிறான்.)

அக்கா: இளவரசியை மீட்கப் போகிற அந்த மேரியோ ஆட்டம் எவ்வளவோ தேவலை. என்ன, ஏழு கோட்டை தாண்டிப் போனாலும் ஒவ்வொன்றிலும் 'இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள்' என்பான். முதல் கோட்டையிலேயே விலாசம் வாங்கியிருக்கலாம். மேகத்துக்கே பச்சை அடித்துப் புதர் என்று வைத்திருக்கிறான், கஞ்சன்.

தம்பி: 1985-இல் மொத்த ஆட்டத்துக்கும் இடமே 40 கிலோபைட்தான், அக்கா. நீ தினமும் அனுப்புகிற காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

அக்கா: வாயை மூடு. கொடு அதை, நான் ஒரு கை பார்க்கிறேன்.

(எட்டு விநாடி. சிவப்பு எழுத்து.)

தம்பி: தப்பு யாருடையது?

அக்கா: உன்னுடையது.

தம்பி: நான் வாயே திறக்கவில்லையே!

அக்கா: அதைத்தான் சொல்கிறேன். பின்னால் ஒருத்தன் வருகிறான் என்று சொல்ல வேண்டாமா?

தம்பி: அது சரி, என்னை எதற்குக் கூப்பிட்டாய்?

அக்கா: மறந்துபோச்சு. நகர்ந்து உட்கார்.