இன்னும் பத்தே நிமிடத்தில்

8 மணிக்கு ஆரம்பிக்க முடியாதுன்னா நோட்டீஸ்ல எதுக்குய்யா 8 மணின்னு அடிக்கிறீங்க?

காணும் பொங்கலன்னைக்குப் பக்கத்து ஊர்ல வாணவேடிக்கை. காரைக்குடியிலேருந்து 15 கிலோமீட்டர்தான், ஆனா 14 பேரைக் கிளப்பணும். சென்னையிலேருந்து வந்த தங்கச்சி குடும்பம் மறுநாள் விடியக்காலம் பல்லவன் ரயிலைப் பிடிக்கணும். ஒன்பதரைக்குள்ள வீடு திரும்பி பிள்ளைகளைத் தூங்க வைக்கணும்னு நாலு நாளா கணக்குப் போட்டு வேன் பேசினோம். அயித்தை புளியோதரை கிண்டி, ஒரு சம்படம் தேன்குழலும் எடுத்து வச்சாக. எல்லாம் அப்பத்தாவுக்காக. 82 வயசு. கண்ணுல புரை எடுத்து மூணு மாசம்தான் ஆகுது. "வாணம் பாத்து வருசக்கணக்காச்சு, ஒருதரம் கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னு அவுகளே வாய்விட்டுக் கேட்டாக. எதையும் கேக்குற ஆளே இல்லை அவுக.

ஏழரைக்கே போய் உக்காந்துட்டோம். 14 பேரும்!

எட்டேகாலுக்கு மைக்ல, "இன்னும் பத்தே நிமிடத்தில் கண்கவர் வாணவேடிக்கை". எட்டே முக்காலுக்கும் அதே பத்து நிமிடம். ஒன்பதுக்கும் அதே. எந்திரிச்சுப் போய் விழாக்குழு ஆளைக் கேட்டேன். "சிறப்பு விருந்தினர் மதுரையைத் தாண்டிட்டாரு தம்பி." ஒன்பதரைக்குக் கேட்டா மேலூர். பத்து மணிக்குக் கேட்டா, திருப்பத்தூர்ல ஒரு வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்காராம். சாப்பிடுறாராம்! இங்கே பச்சப்புள்ளைக எல்லாம் மண்ணுல துண்டை விரிச்சுப் படுத்திருக்கு. என் சின்ன மகன் "இப்பவாப்பா, இப்பவாப்பா"ன்னு கேட்டுக் கேட்டே என் தோள்ல தூங்கிட்டான். மறுபடியும் மைக்கு. மறுபடியும் பத்து நிமிடம். எண்ணிக்கிட்டே இருந்தேன், மொத்தம் 11 தடவை. அப்பத்தா பிளாஸ்டிக் சேர்ல சால்வையைப் போத்திக்கிட்டு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. "போயிருவோமா அப்பத்தா"ன்னு கேட்டா, "இவ்வளவு நேரம் இருந்தாச்சே, விட்டுருவாகடா"ன்னு சொன்னாக. எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

10.50க்கு வந்தாரு. மாலை, பொன்னாடை, அப்புறம் 20 நிமிசம் பேச்சு. 11.10க்கு மேல முதல் வாணம். ஏழே நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. அந்த ஏழு நிமிசமாவது உருப்படியாத் தெரிஞ்சுதா? தை மாசப் பனி இறங்கிருச்சு, காத்து அசையலை. முதல் நாலஞ்சு வாணத்தோட புகை போக வழியில்லாம அங்கேயே நின்னுருச்சு. அதுக்குப் பின்னால விட்டதெல்லாம் புகைக்குள்ள மங்கலா ஒரு வெளிச்சம், அப்புறம் சத்தம், அவ்வளவுதான். சாயங்காலம் நல்லாக் காத்து அடிச்சுது. 8 மணிக்கு விட்டிருந்தா ஒவ்வொரு பூவும் தனித்தனியாத் தெரிஞ்சிருக்கும். தூங்கிக்கிட்டு இருந்த பிள்ளைகளுக்கு மிஞ்சினது அந்த வேட்டுச் சத்தம் மட்டும்தான். அலறி எந்திரிச்சுதுக.

ராத்திரி 10 மணியிலேருந்து காலை 6 மணி வரைக்கும் சத்தம் போடுற வெடியே கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லிருச்சு. ஒருத்தருக்காகக் காத்திருந்து அதையும் மீறியாச்சு. இதே சிவகங்கை மாவட்டத்துல, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரவுக, வேட்டங்குடி கண்மாய்க்கு வர்ற பறவைக பயந்துரும்னு தீபாவளிக்குக்கூட வெடி போடுறதில்லை. ஊரே பல வருசமா விட்டுக்கொடுத்து வாழுது. அந்த மனசுல ஒரு துளி இருந்தா, முன்வரிசையில குளிர்ல உக்காந்திருக்கிற கிழவியை நினைச்சு 8 மணிக்குத் திரியைப் பத்த வச்சிருப்பாக. வர்றவர் வந்தப்புறம் அவருக்குன்னு நாலு வாணம் தனியா விட்டா என்ன குறைஞ்சுபோகுது?

வெயிட்டிங்குக்கு வேன்காரர் 800 ரூபா கூடக் கேட்டாரு, கொடுத்தேன். அவரும் எங்களோட முழிச்சுக் கிடந்தாருல்ல.

இன்னொண்ணு. அந்தப் பொட்டல்ல அவ்வளவு சனம், பாதிக்கு மேல பொம்பளைக. ஒரு கழிப்பறை கிடையாது. அயித்தை சாயங்காலம் 6 மணியிலேருந்து ஒரு மடக்குத் தண்ணி குடிக்கலை. வீட்டுக்கு வந்து 12 மணிக்கு மேலதான் செம்பை எடுத்தாக. ஏன்னு கேட்டதுக்கு, திருவிழான்னா எப்பவுமே இப்படித்தானேங்குறாக. சின்னப் புள்ளையிலேருந்து தண்ணி குடிக்காமத்தான் திருவிழா பாத்திருக்காக. இத்தனை வருசம் கூடவே போயிருக்கேன், எனக்கு இது தெரியாது. மேடைக்கு அத்தனை சீரியல் பல்பு கட்டினவுக ஓரமா நாலு தட்டி கட்டி மறைச்சு விட்டிருக்கக் கூடாதா?