பட்டிக்காரர் சம்மதம் மட்டும் போதாது

தம்பி, "மாட்டுப் பட்டிக்காரர் ஓம் என்றால் சரி, மாணவர் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எதற்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. பட்டிக்காரர் தருவது உரிமையாளரின் சம்மதம். மாட்டின் வலியைக் கணக்கில் எடுப்பது குழுவின் வேலை. மடிவீக்கம் பார்க்க நான்கு குழித் தட்டில் காம்புக்கு ஒரு பீய்ச்சுப் பால் எடுப்பது ஒன்று, ஆய்வுக்காகவே கழுத்து நாளத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது வேறு. அதுவும் நம் வன்னிப் பட்டி மாடுகள் கயிறு பழகாதவை, பிடித்துக் கட்டும்போதே வெருண்டு மூச்சு வாங்கும். 1959இல் ரசல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் விலங்கு ஆய்வுக்கு முன்வைத்த மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (குறைந்த எண்ணிக்கை), மென்மையாக்கல் (வலியைத் தணித்தல்) எல்லாம் இதற்காகத்தான். அப்புறம், குறைப்பு என்றால் ஐந்து மாட்டோடு நிறுத்துவது என்று நினைக்காதீர்கள். எந்த முடிவுக்கும் வர அந்த எண்ணிக்கை போதாவிட்டால் அந்த ஐந்தும் வீணாக வலி பட்டதாகிவிடும். எத்தனை மாடு தேவை என்பதை முதலே கணக்கிட்டு விண்ணப்பத்தில் எழுதுங்கள்.